கலர் பென்சிலில் பூவும் இலையும்: படம் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும் வழி

கலர் பென்சிலில் ஒரு இலையையோ பூவையோ நிஜம் போல வரைய உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். அப்புறம் திடீரென்று படம் முறைத்துக்கொள்ளும், என்ன செய்தாலும் சரியாக வராது. இதில் பெரிய தொல்லை என்னவென்றால், தப்பு கண்ணில் படும் நேரமும் அது நடந்த நேரமும் வேறு வேறு. பத்தாவது அடுக்கில் தெரிகிற கோளாறு இரண்டாவது அடுக்கில் கை அழுத்தியதால் வந்ததாக இருக்கும், நாம் பத்தாவது அடுக்கைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்போம். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காரணத்தைக் கொஞ்சம் பின்னால் போய்த் தேடியிருக்கிறேன். உங்கள் படம் எப்படித் தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே: படம் வரைகிற அதே காகிதத்தில் ஒரு துண்டு வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வைத்தியமாக இருந்தாலும் முதலில் அந்தத் துண்டில்.

வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

காகிதத்திலிருந்து தொடங்குங்கள். விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் காகிதத்தின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். வாட்டர்கலருக்கான கோல்டு பிரஸ் காகிதம் என்றால் பள்ளம் அதிகம், அதில் நுணுக்கமான இலை வேலை செய்வது வீண் போராட்டம். மேற்பரப்பு வழவழப்பான ஹாட் பிரஸ் காகிதம், 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி என்றால் நல்லது. பிரிஸ்டல் என்கிற கெட்டியான வரைதாளும் ஆகும், ஆனால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான பிரிஸ்டலில் அடுக்குகள் சீக்கிரமே நின்றுவிடும்.

காகிதம் சரியாக இருந்தும் புள்ளி தெரிகிறதென்றால் பென்சில் முனையைப் பாருங்கள். மழுங்கிய முனை மேடுகளை மட்டும் தடவிவிட்டுப் போகும், பள்ளத்துக்குள் இறங்காது. ஊசி போல நீளமாகச் சீவிய முனைதான் உள்ளே போகும், அதுவும் சில நிமிடங்களில் மழுங்கிவிடும், திரும்பச் சீவ வேண்டும். பென்சில் தீர்ந்துவிடுமே என்று சிக்கனம் பிடித்தால் அது படத்தில் தெரியும். கோடு கோடாக இழுக்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற குட்டி வட்டங்களாகப் போடுங்கள். பென்சிலின் பின்பக்கமாகப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும்.

ஏற்கெனவே நாலைந்து அடுக்கு போட்டாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்றால் கரைப்பான் உதவும். மணமில்லாத மினரல் ஸ்பிரிட்டைச் சின்னத் தூரிகையில் தொட்டு, தாளில் ஒற்றிவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் தடவினால் மெழுகும் எண்ணெயும் இளகி நிறமி பள்ளங்களுக்குள் இறங்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. பேபி ஆயிலையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். கலர் கரையத்தான் செய்யும், ஆனால் எண்ணெய் தாளில் தங்கிக் கறையாகப் பரவலாம் என்பதால் நான் தொடுவதில்லை.

மேலே கலர் ஏறவே மாட்டேன் என்கிறது, வழுக்குகிறது

புள்ளி தெரிகிறதே என்று பயந்து அழுத்தித் தேய்த்தவர்கள் வந்து சேருகிற இடம் இது. காகிதத்தின் பள்ளமெல்லாம் மெழுகால் நிரம்பிவிட்டது, அல்லது மேடுகள் நசுங்கிவிட்டன. புதுக் கலர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

நிரம்பியது மட்டும்தான் பிரச்சினை என்றால் எடுத்துவிடலாம். போஸ்டர் ஒட்டுகிற புளூ டாக்கை உருட்டி அந்த இடத்தில் அழுத்தி மேலே தூக்குங்கள், தேய்க்க வேண்டாம். பத்து முறை செய்தால் ஒரு அடுக்கு போயிருக்கும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் ஒளிபுகும் டேப்பை மேலே மெதுவாகப் படியவைத்து, எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் பென்சில் முனையால் டேப்பின் மேல் தேய்த்துவிட்டு உரித்தெடுங்கள். டேப் ரொம்பப் பசையாக இருந்தால் தாளின் தோலும் சேர்ந்து வந்துவிடும், அதற்குத்தான் அந்தத் துண்டுக் காகிதம். கலரைத் தாளில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரேயான ஃபிக்ஸேட்டிவில், மேலே திரும்ப வேலை செய்ய விடும் வகையை லேசாக அடித்தாலும் இன்னும் ஒன்றிரண்டு அடுக்கு பிடிக்கும்.

காகிதமே நசுங்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கரைப்பான் போட்டாலும் நசுங்கிய மேடு எழுந்து வராது. அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு மற்ற பகுதிகளை அதற்கு ஏற்றாற்போல் கொண்டுவருவதுதான் வழி.

பர்னிஷிங் எனப்படும் அந்த அழுத்தித் தேய்த்து மினுக்கும் வேலையும் இதே ரகம்தான். அது கடைசிப் படி, அதற்குப் பிறகு ஒன்றும் ஏறாது என்று தெரிந்தே செய்யுங்கள். வெள்ளைப் பென்சிலால் மினுக்கினால் கீழே உள்ள பச்சை வெளிறிப் பால் கலந்தது போல ஆகும். நிறம் மாறக் கூடாதென்றால் நிறமில்லாத பிளெண்டர் பென்சிலை எடுங்கள்.

முடித்த படத்தின் மேல் பனி படர்ந்தது போல மங்கல்

மெழுகு அதிகமுள்ள பென்சிலைக் கனமாகப் போட்டிருந்தால், சில நாள் கழித்து மெழுகு மேலே வந்து வெள்ளையாகப் படரும். வாக்ஸ் புளூம் என்பார்கள். அடர்நிறங்களின் மேல்தான் பளிச்சென்று தெரியும். மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும், மெல்லிய படலமாக ஃபிக்ஸேட்டிவ் இரண்டு மூன்று முறை அடித்தால் திரும்ப வராது. எண்ணெய் அடிப்படையிலான பாலிகுரோமோஸ் மாதிரிப் பென்சில்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், நானும் ரொம்ப நாள் இதில்தான் கிடந்தேன்.

டப்பாவைத் திறந்தால் நாலைந்து பச்சை இருக்கும், அதில் ஒன்றை எடுத்து இலை முழுக்கப் பூசி, நிழலுக்குக் கரும்பச்சை, வெளிச்சத்துக்கு இளம்பச்சை என்று போட்டால் பொம்மைக் கடை இலைதான் வரும். டப்பாவில் இருக்கும் பச்சைகளில் பாதி எந்தச் செடியிலும் பார்க்க முடியாத, நீலம் தூக்கலான பச்சை. உண்மையான இலைப் பச்சைக்குள் கொஞ்சம் சிவப்பும் பழுப்பும் கலந்திருக்கும். ஆகவே பச்சையைப் பச்சையால் தொடங்காதீர்கள். நிழல் விழும் இடங்களில் முதலில் அடர் இண்டிகோவோ, கருஞ்சிவப்போ, கத்தரிப்பூ நிறமோ லேசாகப் போட்டு இலையின் மேடுபள்ளம் முழுவதையும் அதிலேயே காட்டிவிடுங்கள். பார்க்க விகாரமாக இருக்கும், பரவாயில்லை. அதன் மேல் ஒரு மஞ்சள் கலந்த பச்சையும் ஒரு ஆலிவ் பச்சையும் மாறி மாறி ஏறும்போது இலை உயிர் பெறும். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு, அது அடியில் இருந்தால் பச்சையின் பளபளப்பு அடங்கும், கறுப்பு போட வேண்டிய தேவையே வராது.

அடுத்து, ஒரே இலையில் எத்தனை பச்சை இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். வழவழப்பான இலையின் மேல்பக்கம் வானத்தைப் பிரதிபலிக்கும், அந்த மினுமினுப்பு வெள்ளை இல்லை, வெளிறிய நீலச் சாம்பல். அந்த இடத்தில் வெறும் காகிதத்தை விட்டால் ஓட்டை மாதிரித் தெரியும், இளநீலம் லேசாகத் தடவினால் ஈரமான இலை போல உட்காரும். அதே இலைக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தால் நிறமே வேறு, சூடான மஞ்சள் பச்சை. இலையின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெளிறியும் மினுமினுப்பு இல்லாமலும் இருக்கும். கொழுந்தில் மஞ்சளோ சிவப்போ ஓடும். பிளாஸ்டிக் இலைக்கு இதெல்லாம் கிடையாது, அது எல்லாப் பக்கமும் ஒரே பச்சை.

பூச்சி அரித்த ஓட்டை, காய்ந்த நுனி, பழுப்புப் புள்ளி இவற்றை விட்டுவிடாதீர்கள். அழகாக இருக்க வேண்டும் என்று நாமாகத் துடைத்துப் போடும்போது பாதி நிஜம் அங்கேயே போய்விடுகிறது.

நிறத்தைச் சரியாகப் பிடிக்கத் துண்டுக் காகிதத்தில் கட்டங்கள் போட்டு, எந்தப் பென்சிலின் மேல் எது என்று எண்ணோடு குறித்து வைப்பது பழைய பழக்கம். தாவர ஓவியர் ஃபெர்டினண்ட் பாயர், கப்பல் தலைவர் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1801இல் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்தில் செடிகளைப் பென்சிலில் மட்டும் வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்துக்கான எண்ணை எழுதி வைத்தார். ஆயிரத்தை ஒட்டி எண்கள் போகும். வாடிப்போன செடியின் நிறத்தை ஊர் திரும்பிய பிறகு அந்த எண்ணை வைத்தே பூசினார். நமக்கு ஆயிரம் வேண்டாம், ஒரு செடிக்கு முப்பது கட்டம் போதும், ஆனால் அந்த முப்பதைப் போடாமல் தொடங்கினால் சோதனை எல்லாம் படத்தின் மேலேயே நடக்கும்.

மஞ்சள் பூவின் நிழல் பச்சையாகிவிட்டது, அல்லது மொத்தமும் அழுக்காகத் தெரிகிறது

மஞ்சளின் மேல் கறுப்பையோ நீலச் சாம்பலையோ போட்டிருப்பீர்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் ஆலிவ் பச்சை, இதைத் தடுக்க முடியாது. மஞ்சளின் நிழலுக்கு முதலில் காவி மஞ்சள், அடுத்து ரா அம்பர் மாதிரி ஒரு பழுப்பு, ஆழமான மடிப்பில் மட்டும் மிக லேசாக ஊதா. ஊதாவை முதல் அடுக்காகப் போட்டு மேலே மஞ்சள் ஏற்றினால் இன்னும் சுத்தமாக வரும், கை மட்டும் இறகு மாதிரி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பச்சையாகிவிட்டதென்றால், புளூ டாக்கால் முடிந்த வரை தூக்கிவிட்டு ஆரஞ்சோ சிவப்பு கலந்த காவியோ மேலே போடுங்கள். பச்சை பழுப்பாக அடங்கும்.

பூ முழுக்கவே சாம்பல் பூத்தது போல இருந்தால் அது வேறு வியாதி. அடியில் சாதாரண எழுதும் பென்சிலால் போட்ட கோட்டை அழிக்காமல் விட்டிருப்பீர்கள். அந்தக் கரித்தூள் கலரோடு சேர்ந்து இழுபடும், மேலே மெழுகு ஏறிவிட்டால் அழியவும் அழியாது. வேறு தாளில் வரைந்து நல்ல தாளுக்கு மாற்றுங்கள், மாற்றிய கோட்டையும் பிசையும் ரப்பரால் ஒற்றி ஒற்றிக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்தந்தப் பகுதியின் நிறப் பென்சிலாலேயே மேலே திரும்பக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தட்டையாக, தாளில் ஒட்டினாற்போல் இருக்கிறது

கைபேசியில் உங்கள் படத்தையும் செடியையும் படம் எடுத்து இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பத்தில் எட்டுப் படங்களில் செடியின் கருமை உங்கள் தாளில் இருக்காது. எல்லாம் நடுத்தரச் சாம்பலிலேயே நிற்கும். கலர் பென்சில் மெதுவாக ஏறுகிற ஊடகம், இருட்டு வந்து சேர்வதற்குள் நமக்கு அலுத்துப்போய் முடிந்தது என்று வைத்துவிடுகிறோம். அதனால் படத்தில் எது மிக இருட்டோ அந்த ஒரு சின்ன இடத்தை, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு மாதிரி ஒன்றை, ஆரம்பத்திலேயே முழுக் கருமைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மற்றதெல்லாம் அதை அளவுகோலாக வைத்து ஏறும். இந்த ஒரு வேலைதான் என் படங்களை மாற்றியது.

கருமைக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், இண்டிகோவும் அடர் செபியாவும் ஒன்றன் மேல் ஒன்றாக. இருட்டு இருந்தும் தட்டை என்றால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் இருக்கும். செடிப் படங்களில் வெளிச்சம் இடது மேல்புறத்திலிருந்து வருவதாக வைப்பது வழக்கம். காலையில் ஜன்னல் பக்கம் தொடங்கிச் சாயங்காலம் விளக்கில் முடித்தால் ஒரு இலைக்கு ஒரு சூரியன் என்றாகிவிடும். ஒரே விளக்கு, ஒரே பக்கம்.

இன்னொரு சந்தேகம், ஓரக்கோடு. இதழைச் சுற்றி ஒரே தடிமனில் கோடு போட்டிருந்தால் எவ்வளவு நிழல் போட்டாலும் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரித்தான் தெரியும். வெளிச்சப் பக்கம் ஓரம் கரைய வேண்டும், நிழல் பக்கம் தெளிவாக நிற்க வேண்டும்.

வெள்ளைப் பூ சாம்பல் பூவாகிவிட்டது

வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றைப் பூவின் பக்கத்தில் பிடியுங்கள். பூ முழுக்க வெள்ளை இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அடிப்பகுதியில் பச்சை மஞ்சள், பக்கத்து இலையிலிருந்து தெறிக்கும் பச்சை, வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் நீலம் கலந்த ஊதா, இரண்டு இதழ் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில் மட்டும் ஒரு படி அடர்த்தி. ஆகவே ஒரே சாம்பல் பென்சிலை வைத்து நிழல் போட்டால் பூ சிமெண்டாகும். வெதுவெதுப்பான சாம்பல், குளிர்ந்த சாம்பல், மிக இளம் ஊதா, மிக இளம் பச்சை மஞ்சள் என்று நாலைந்தை மிக மெல்லியதாகக் கலந்து போடுங்கள், இதழின் பெரும்பகுதியை வெறும் தாளாகவே விடுங்கள். பாதிக்கு மேல் தொட்டுவிட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவின் ஓரம் தெரியவில்லையே என்றால் அதைச் சுற்றிக் கோடு போடாமல் பின்னால் ஒரு இலையையோ மொட்டையோ கொண்டுவாருங்கள். இதை வரைவதற்கு முன்பே யோசித்துச் செடியைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும், பாதியில் யோசித்தால் இல்லாத இலையை வரைய வேண்டியிருக்கும்.

நரம்புகள் இலையின் மேல் ஒட்டிவைத்த கம்பி போல இருக்கின்றன

இலையை முடித்துவிட்டு மேலே வெள்ளைப் பென்சிலால் நரம்பு கீறியிருப்பீர்கள். அடர் கலரின் மேல் வெள்ளைப் பென்சில் பேருக்குத்தான் தெரியும், தெரிந்தாலும் கம்பிதான்.

பல இலைகளில் மேல்பக்கம் நரம்பு ஒரு பள்ளம், இரண்டு நரம்புக்கு நடுவே உள்ள சதை மெத்தை போலப் புடைத்திருக்கும். ஆகவே நரம்பை வரையாமல் மெத்தைகளை வரையுங்கள். ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். நரம்பு நடுவில் மிஞ்சுகிற இடம். மெல்லிய நரம்புகளுக்கும் தண்டின் ரோமங்களுக்கும் கலர் போடுவதற்கு முன்பே தாளில் பள்ளம் கீறி வைக்கலாம். தாளின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் போதும், பின்னால் பென்சில் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். நரம்பு வெள்ளையாக இருக்கக் கூடாது, இளம்பச்சையாக இருக்க வேண்டும் என்றால் முதலில் இளம்பச்சை ஒரு அடுக்கு, பிறகு கீறல், பிறகு அடர்பச்சை. கீறியதை அழிக்க முடியாது, கை நடுங்கினாலும் அது அங்கேயே இருக்கும்.

முடித்த இலையில் ரோமம் விட்டுப்போச்சு என்றால் கூரான கத்தி முனையால் லேசாகச் சுரண்டலாம். கனமான தாளில் மட்டும்.

பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் செடி இல்லை

இது பென்சில் கோளாறே இல்லை, அதனால்தான் கண்டுபிடிக்க நேரமாகும். நான் ஒரு செம்பருத்தியை மூன்று நாள் பாடுபட்டு வரைந்துவிட்டு, சூல்முடியில் நாலு சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். செம்பருத்திக்கு ஐந்து. செடி தெரிந்த ஒருவர் நிழலையோ நிறத்தையோ பார்க்கவே இல்லை, நேராக அங்கே விரலை வைத்தார்.

அதனால் வரைவதற்கு முன் எண்ணுங்கள். இதழ் எத்தனை, புல்லி எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, இதழ்கள் ஒன்றன் மேல் ஒன்று எந்தப் பக்கமாக மடிகின்றன, இலைகள் தண்டில் எதிரெதிராகவா மாறி மாறியா. லில்லியில் ஆறு இதழ் போலத் தெரிந்தாலும் வெளியே மூன்று, உள்ளே மூன்று, இரண்டு வட்டம். அது தெரியாமல் வரைந்தால் ஆறும் ஒரே தளத்தில் கிடக்கும். ஒரு பூ மிச்சம் இருந்தால் நெடுக்கே அறுத்து உள்ளே பாருங்கள், காம்பு எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துவிட்டால் பூ தண்டில் சரியாக உட்காரும். திரும்பியிருக்கும் இலையில் நடுநரம்பை முதலில் போடுங்கள், மறைந்திருக்கும் இடத்திலும் லேசாகத் தொடர்ந்து போட்டால் நரம்பு உடைந்து வேறு இடத்தில் முளைக்காது.

புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்களுக்குத் தனியாக ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கைபேசியைப் பூவின் முகத்தருகே கொண்டுபோய் எடுத்தால் முன்னால் இருக்கும் இதழ் ஊதிப் பெரிதாகும், பின்னிதழ் சிறுத்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். நிறத்துக்கும் படத்தை நம்பாதீர்கள், சிவப்புப் பூவின் நுணுக்கமெல்லாம் ஒரே சிவப்பாக அப்பிப்போயிருக்கும், சில நீலப் பூக்கள் இளஞ்சிவப்பாகப் பதிவாகும். செடியைப் பார்த்தே வரைகிறீர்கள் என்றால் வாடும் வரிசையில் வரையுங்கள். செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரு நாள்தான் தாங்கும், இலை காத்திருக்கும், தண்டு இன்னும் காத்திருக்கும்.

மிச்சச் சில்லறைகள்

முனை உடைந்துகொண்டே இருக்கிறதா? சீவுகிற பிளேடு மழுங்கியிருக்கும், முதலில் அதை மாற்றுங்கள். அப்படியும் உடைந்தால் பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளே தண்டு துண்டு துண்டாகியிருக்கும், அந்தப் பென்சிலை நுணுக்கம் தேவையில்லாத வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் கறை: கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாள், பென்சில் துகளை வாயால் ஊதாமல் மெல்லிய தூரிகையால் தள்ளுவது, இவ்வளவுதான்.

சுவரில் மாட்டிய படம் ஒரு வருடத்தில் வெளிறிப்போனால் அதில் உங்கள் கைக்குப் பங்கில்லை, நிறமியின் வேலை அது. இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும்தான் இதில் முதலில் கைவிடும், நம் அதிர்ஷ்டம் பூக்களில் பாதி அந்த நிறம். பென்சில் மேல் நட்சத்திரக் குறி இருந்தால் அதிக நட்சத்திரம் உள்ளதை எடுங்கள், கலர் பென்சில் வெளிச்சத்தில் வெளிறாமல் தாங்குகிறதா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் டி6901 தரப்படி சோதித்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாத பென்சில் என்றால் நீங்களே சோதித்துவிடலாம். எல்லாக் கலரையும் ஒரு பட்டையில் கோடு போட்டு, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்துப் பார்க்கும்போது எந்தப் பென்சிலின் திறந்த பாதி வெளிறியிருக்கிறதோ, அதைப் பயிற்சி நோட்டுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.